பத்து மீட்டருக்கு அப்பால் ஒரு புள்ளி

துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் நம் ஜனங்களின் மனக்கண்முன் எழும் உருவங்கள் மிகச் சிலவே: நகைக்கடை வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியை முழங்கால்களுக்கிடையே நிறுத்திக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ராணுவத்தார்; வெள்ளித்திரையில் ஒரே மூச்சில் பத்துப் பேரை வீழ்த்திவிட்டுப் புகையை ஊதும் கதாநாயகன்; காட்டுப்பன்றியிடமிருந்து நிலக்கடலையைக் காப்பாற்றப் பாட்டனார் வாங்கி வைத்த துப்பாக்கியை, தேர்தல் அறிவித்துவிட்டார்கள் என்பதற்காகக் கோணியில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போகும் மலையோரத்து விவசாயி. இவர்களில் எவரோடும் சேராத வேறொருவர் இருக்கிறார். அவர் எதையும் காப்பதும் இல்லை, எவரையும் வீழ்த்துவதும் இல்லை. சுவரோரம் தொங்கும் காகித அட்டையின் நடுவே, குண்டூசித் தலையினும் சிறிய ஒரு புள்ளியைத் தொட்டுவிட வேண்டும் என்ற ஒரே ஆவலில் மாலைப் பொழுதுகளைச் செலவிடுகிறவர் அவர். அத்தகைய விநோதப் பிரியர்கள் நம் நாட்டில் பெருகி வருகிறார்கள். அவர்களில் சேர விரும்புகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வியோ பெரும்பாலும் தவறான கேள்வியாகவே இருக்கிறது.

திருவள்ளூருக்குக் கிழக்கே காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர், கையில் சற்றே பணம் சேர்ந்திருந்த சமயத்தில், இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார்.

“நல்ல பவர் உள்ள துப்பாக்கியாக ஒன்று சொல்லுங்கள் சார். லைசென்ஸ் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“வாங்கி எதைச் சுடப் போகிறீர்கள்?” என்றேன்.

அவர் சிறிது யோசித்துவிட்டு, “அதை இன்னும் யோசிக்கவில்லை” என்று சிரித்தார். அந்த யோசனைதான் முதற்காரியம். எதை, எவ்விடத்தில், எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறோம் என்பது நிச்சயமானால் எந்தத் துப்பாக்கி என்பது தானாகவே விளங்கிவிடும். அது நிச்சயமாகாமல் வாங்கிய துப்பாக்கி, எத்தனை விலையுயர்ந்ததாயினும், பீரோவின் அடித்தட்டில் எண்ணெய்த் துணிக்குள் கிடந்து உரிமம் புதுப்பிக்கும் காலங்களில் மாத்திரம் வெளிச்சத்தைக் காணும்.

திருவள்ளூர் ஜில்லாவுக்கு வெடிமருந்தின் வாசனை புதியதன்று. பழவேற்காட்டில் 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் எழுப்பிய கெல்திரியா கோட்டையில் வெடிமருந்து அரைக்கும் ஆலை ஒன்று இருந்தது; அங்கே தயாரான மருந்து கப்பலேறிக் கீழ்த்திசையிலுள்ள டச்சுக் குடியேற்றங்களுக்கெல்லாம் போயிற்று. பிற்காலத்தில் ஆவடி, டாங்கிகள் செய்யும் ஊராகவே பெயர் பெற்றது. ஆவடிக்கு வடக்கே அலமாதியில் துப்பாக்கி சுடும் தளம் ஒன்றும் உண்டு. ஆயினும் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் உலோகத்தைத் தினந்தோறும் மைக்ரான் கணக்கில் கடைந்தெடுக்கும் ஆயிரக்கணக்கான கைகளுக்கு, அதே நுட்பத்தை விளையாட்டாக மாற்றித் தரும் இந்தக் கலை அநேகமாக எட்டவே இல்லை. துப்பாக்கிக்கும் கடைசல் பட்டறைக்கும் உள்ள உறவு மிகப் பழையது என்பதை அறிந்தால் அவர்கள் வியப்படையக் கூடும்.

அந்த உறவுக்கு ஒரு பெயரைச் சொல்லலாம்: ஜோசப் விட்வொர்த். மரை வெட்டும் தொழிலில் விட்வொர்த் மரையை அறியாதவர் இல்லை. திருகாணிகளின் மரைக்கு முதன்முதலாக 1841-ல் ஒரே பிரமாணம் வகுத்தவர் அந்த ஆங்கிலேயப் பொறியாளர்தான். ஓர் அங்குலத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை அளக்கும் யந்திரத்தையும் அவர் செய்து காட்டியிருந்தார். கிரீமிய யுத்த காலத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் ராணுவத் துப்பாக்கிகளின் பிழைகளை ஆராயும்படி அவரை வேண்டிக்கொள்ள, குழலின் உட்துளை அறுகோணமாக அமைந்து முறுக்கிச் செல்லும் ஒரு புதிய துப்பாக்கியை அவர் உண்டாக்கினார். பிரிட்டனின் தேசிய ரைபிள் சங்கம் 1860-ஆம் ஆண்டு ஜூலை மாதம் விம்பிள்டன் மைதானத்தில் தன் முதற்போட்டியைத் தொடங்கியபோது, தாங்கியில் பொருத்தப்பட்டிருந்த விட்வொர்த் துப்பாக்கியின் விசையை விக்டோரியா மகாராணி ஒரு பட்டுக் கயிற்றால் இழுத்தார். நானூறு கஜத்துக்கு அப்பால் குண்டு குறியின் மையத்துக்கு மிக அருகே பாய்ந்தது. துப்பாக்கி சுடுதல் போர்வீரனின் தொழில் என்ற நிலையிலிருந்து குடிமக்களின் விளையாட்டு என்ற நிலைக்கு வந்த சரித்திரத்தில் அந்நாள் ஒரு முக்கியமான நாள். நம் தேசத்தில் அதற்கு ஒப்பான ஸ்தாபனம் 1951-ல் தோன்றியது. லோக்சபையின் முதல் சபாநாயகரான மாவ்லங்கர் முன்னின்று அமைத்த இந்திய தேசிய ரைபிள் சங்கம் அது. அவர் பெயரால் அகில இந்தியப் போட்டி ஒன்று இன்றும் நடந்துவருகிறது.

அதற்கு முன்பு நம் நாட்டில் துப்பாக்கி விநோதம் என்றால் வேட்டைதான். ஜமீன்தார்களும் துரைமார்களும் புலித்தோலின்மீது கால்வைத்து எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் பழைய பங்களாச் சுவர்களில் இன்னும் தொங்குகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்த அத்தியாயத்தை முடித்துவைத்தது. முடித்தது நன்றே என்பது என் அபிப்பிராயம். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. உரிமம் தேவையில்லாத காற்றுத் துப்பாக்கியை வாங்கியவுடன் ஏரிக்கரைக் கொக்கின்மீதும் தென்னையிலிருக்கும் கிளியின்மீதும் குறி வைத்துப் பார்க்கும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதனால் பறவையைச் சுடுவதற்கும் உரிமை கிடைத்துவிட்டது என்று பொருளாகாது. அது குற்றம், சிறைக்குப் போகத்தக்க குற்றம்.

இனிச் சட்டத்தைச் சிறிது பார்ப்போம். ஆங்கிலேயர் காலத்தில், லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-ல் வந்த ஆயுதச் சட்டம், ஐரோப்பியருக்கு விலக்கு அளித்து இந்தியரின் கைகளை மாத்திரம் கட்டியது. சுதந்திர இந்தியா அதை நீக்கி 1959-ல் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. அது 1962 முதல் அமலுக்கு வந்தது. இப்போதுள்ள விதிகள் 2016-ல் வகுக்கப்பட்டவை. இருபத்தொரு வயது நிரம்பியவர் ஜில்லா கலெக்டரிடமோ, மாநகரமாயின் போலீஸ் கமிஷனரிடமோ விண்ணப்பித்து, காவல்துறை விசாரணைக்கும் மருத்துவச் சான்றுக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் உட்பட்டு உரிமம் பெற வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சாதாரணக் குடிமகன் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. முன்பு மூன்று வரை அனுமதி இருந்தது. உரிமத்தின் ஆயுள் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்ந்தது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் வடநாட்டு வழக்கத்துக்குத் தனியாகத் தண்டனை விதித்ததும் அந்தத் திருத்தமே. குடகு நாட்டாருக்கு மாத்திரம் உரிமம் பெறுவதிலிருந்து பரம்பரையாக ஒரு விலக்கு நீடித்து வருகிறது. அது வேறு கதை.

எல்லாக் குழல்களும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ராணுவமும் போலீசும் கையாளும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல், .303 ரைபிள் முதலியவை தடைசெய்யப்பட்ட அளவுகள். பொதுமக்களுக்கு அனுமதிக்கப்படுவன .32 ரிவால்வரும் பிஸ்டலும், .22 ரைபிள், .315 ரைபிள், 12 போர் இரட்டைக்குழல் போன்றவை. ராணுவத் தோட்டா பொதுமக்களின் துப்பாக்கிக்குள் நுழைந்துவிடலாகாது என்று வெள்ளைக்கார சர்க்கார் செய்த யுக்தியின் மிச்சமே அந்த .315 அளவு. இவற்றுள் பலவற்றைச் செய்வன நம் அரசுத் தொழிற்சாலைகள்தாம். கான்பூரில் 2014-ல் பெண்களின் தற்காப்புக்கென்று வெளியிட்ட ‘நிர்பீக்’ ரிவால்வர் அரைக்கிலோ எடையும் ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட விலையும் கொண்டிருந்தது. நம் தமிழ்நாட்டில் அருவங்காட்டில் வெடிமருந்தும் திருச்சிராப்பள்ளியில் துப்பாக்கிகளும் அரசு நிறுவனங்களில் உற்பத்தியாகின்றன; திருச்சித் தொழிற்சாலை 1966 முதல் இயங்கி வருகிறது.

தற்காப்புக்கு ரிவால்வர் அவசியமா என்பது இங்கே நம் விசாரணை அன்று. விநோதத்துக்கு அது ஏற்றதா என்றால், இல்லை என்றே சொல்வேன். சாதாரண உரிமத்தில் ஆண்டுக்கு இருநூறு தோட்டாக்களே பொதுவாக வாங்க அனுமதி உண்டு. அப்பியாசம் செய்கிற ஒருவருக்கு இருநூறு என்பது ஓரிரு நாட்களின் வேலை. குறுகிய குழலும் கடினமான விசையும் உள்ள அந்தச் சட்டைப்பைச் சாதனத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு இருநூறு முறை சுட்டுக் கைத்திறன் பெறலாம் என்பது, வருஷத்துக்கு நாலு நாள் சுருதிப்பெட்டியைத் திறந்து சங்கீத வித்துவான் ஆகலாம் என்பதைப் போன்ற நம்பிக்கைதான்.

ஆகவே விநோதப் பிரியருக்கு நான் பரிந்துரைப்பது காற்றுத் துப்பாக்கியே. குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டரும், ரவை வெளிப்படும்போதுள்ள ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருக்குமாயின் அதற்கு உரிமம் தேவையில்லை. ‘அப்படியானால் அது விளையாட்டுச் சாமான்தானே’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கப் பதக்கம் வாங்கித் தரும் காற்றுத் துப்பாக்கியின் ஆற்றல் ஏறக்குறைய ஏழரை ஜூல். அதாவது நம் சட்டம் உரிமமின்றி அனுமதிக்கும் அளவில் பாதிகூட இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தால் .22 தோட்டா சுமார் 140 ஜூல். 12 போர் தோட்டா ஆயிரத்துத் தொள்ளாயிரத்தை ஒட்டி வரும். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்குத் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை முதன்முதலாகத் தேடித் தந்தது அந்த ஏழரை ஜூலினால்தான். 2012-ல் லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நரங் சென்னையில் பிறந்தவர். அவர் நிறுவிய பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவரும், கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவருமான இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ டி ஜெனீரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் அதே வகைத் துப்பாக்கியால்தான். ‘நல்ல பவர்’ என்று என் நண்பர் கேட்டது எத்தனை பொருளற்றது என்பது இதனால் விளங்கும்.

காற்றுத் துப்பாக்கியிலும் ஜாதிகள் உண்டு. நம் கடைகளில் அதிகமாக விற்பது குழலை மடித்து ஏற்றும் ஸ்பிரிங் துப்பாக்கி. குழலை மடிக்கும்போது உள்ளே ஒரு வலிய ஸ்பிரிங் சுருங்கி நிற்கிறது. விசையை இழுத்ததும் அது பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை நெருக்க, நெருங்கிய காற்று ரவையை உந்துகிறது. சில ஆயிரம் ரூபாயிலேயே கிடைப்பதும், பம்பு முதலிய உபகரணம் எதுவும் வேண்டாததும் இதன் சௌகரியங்கள். ஆனால் இதில் ஒரு வம்பு இருக்கிறது. ரவை குழலை விட்டு வெளிவருவதற்கு முன்னரே ஸ்பிரிங்கும் பிஸ்டனும் துப்பாக்கியை ஒருமுறை பின்னுக்கும் மறுமுறை முன்னுக்கும் அதிரச் செய்துவிடும். இறுகப் பிடித்தால் பிடிக்கிற விதத்துக்கு ஏற்ப ஒவ்வொரு ரவையும் ஒவ்வோரிடத்துக்குப் போகும். உள்ளங்கையில் சும்மா கிடத்தி, அது தன் இஷ்டப்படி அசைந்துகொள்ள விட்டுவிட்டால் எல்லாம் ஓரிடத்தில் விழும். ரவை ஏற்றாமல் விசையை இழுத்துப் பார்க்கும் பழக்கமும் இதற்கு ஆகாது; முன்னே அணையாக நிற்கும் காற்று இல்லாததால் பிஸ்டன் போய் மோதிச் சேதமடையும். கடைக்காரர் வாடிக்கையாளருக்குச் சத்தம் காட்டுவதற்காக இவ்வாறு நாலைந்து முறை இழுத்தாரானால் அந்தத் துப்பாக்கியை வாங்காதீர்கள்.

கரியமிலவாயு உருளையால் இயங்கும் இரண்டாவது ஜாதியை நம் சீதோஷ்ணத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்த வாயுவின் அழுத்தம் உஷ்ணத்தைப் பொறுத்து ஏறி இறங்குவது. 31 டிகிரி செல்சியசுக்கு மேல் அது உருளைக்குள் திரவமாக நிற்கவும் மாட்டாது. அக்கினி நட்சத்திரத்தில் திருவள்ளூர் காய்கிற காய்ச்சலில் காலையில் சுட்ட ரவையும் பிற்பகலில் சுட்ட ரவையும் ஓரிடத்தில் விழும் என்று எதிர்பார்ப்பது வீண். போட்டியாளர்களும் கரியமிலவாயுவைக் கைவிட்டு, சிறு உருளையில் 200 பார் வரை அடைத்த சாதாரணக் காற்றுக்கு மாறிப் பல காலம் ஆகிறது. பி.சி.பி. என்று கடைகளில் வழங்கும் இந்த மூன்றாவது ஜாதியில் உதைப்பே கிடையாது. குண்டு போன பிறகும் துப்பாக்கி இருந்த இடத்தில் இருக்கும். விலைதான் உதைக்கும். ஜெர்மனியிலிருந்து வரும் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் முதலிய போட்டித் துப்பாக்கிகள் இலட்சங்களில் விலை போகின்றன. உள்நாட்டிலும் இப்போது நல்ல முயற்சிகள் நடக்கின்றன. தாணேயில் ஆழ்துளை இடும் யந்திரங்களைச் செய்துவந்த பிரிஸிஹோல் நிறுவனம், அந்த வித்தையையே குழல் செய்யும் வித்தையாக மாற்றிக் காற்றுத் துப்பாக்கிகளை விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறது. பட்டறைக்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. கிராங்க் ஷாஃப்டில் எண்ணெய்த் துளை போட அவர்கள் பயன்படுத்தும் ‘கன் டிரில்’ துப்பாக்கிக் குழலுக்காகவே பிறந்த கருவியல்லவா?

ஜாதியை நிச்சயித்த பின் தேகப் பொருத்தம். சட்டை தைப்பவர் அளவெடுப்பதைவிட அதிகக் கவனத்தோடு இதைப் பார்க்க வேண்டும். முழங்கையை மடித்துத் துப்பாக்கிக் கட்டையின் அடிப்பாகத்தை அதன் மடிப்பில் வைத்தால், ஆள்காட்டி விரலின் முதற்கணு விசையைத் தடையின்றித் தொட வேண்டும். எட்டித் தொடுவதாயினும் இடுங்கித் தொடுவதாயினும் அந்தக் கட்டை உங்களுக்கு ஆகாது. கன்னத்தைக் கட்டைமேல் சாய்த்ததும் கழுத்து வளையாமலே கண் குறிக்கு நேரே வர வேண்டும். போட்டித் துப்பாக்கிகளில் இவையெல்லாம் திருகாணிகளால் ஏற்றி இறக்கத்தக்கவை. மலிவான துப்பாக்கிகளிலோ உயரமான ஐரோப்பிய ஆணின் கை அளவுக்கே கட்டையைச் செய்துவிடுகிறார்கள், நம் பெண்களும் சிறுவர்களும் அதோடு மல்லுக்கு நிற்கிறார்கள். எந்தக் கண் ஆளும் கண் என்பதையும் முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும். கட்டைவிரலை நீட்டித் தூரத்துப் பொருள் ஒன்றை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் அசையாமல் நிற்கிறதோ அதுவே ஆளும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆள்வதும் உண்டு. அவர் ஆரம்பத்திலேயே பயிற்சியாளரிடம் அதைச் சொல்லிவிடுவது உத்தமம்.

ரவையிலும் விஷயம் இருக்கிறது. காகிதத்தைச் சுடுவதற்குத் தட்டைத் தலை ரவையே ஏற்றது. அது அட்டையில் கிழிசல் இல்லாமல் வட்டமாகத் துளையிடுவதால் மதிப்பெண் கணக்கில் சண்டை வராது. 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று தலையளவு குறித்துப் பெட்டிகளை விற்கிறார்கள். எந்த அளவு உங்கள் குழலுக்கு ஒத்துவரும் என்பதை எந்த நிபுணரும் பார்வையால் சொல்லிவிட முடியாது. தாங்கியில் பொருத்திச் சுட்டுத்தான் காண வேண்டும். ரவை ஈயத்தால் ஆனது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீக்கடை வடையை எடுத்துவிடாதீர்கள்.

இனி, சுடுவது. பத்து மீட்டர் ரைபிள் பந்தயத்தின் அட்டையில் பத்தாம் வட்டம் என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி. 4.5 மில்லிமீட்டர் ரவையின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து. மையத்தோடு மையம் பொருந்தினால் 10.9. போட்டியாளர் எழுபத்தைந்து நிமிஷத்துக்குள் அறுபது முறை சுட வேண்டும். பட்டறைப் பாஷையில் சொல்வதானால் கணக்கு இப்படி வரும்: பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே 80 சென்டிமீட்டர் இருக்குமாயின், அவ்விரண்டின் நேர்கோட்டில் 0.2 மில்லிமீட்டர் பிசகினால் இலக்கில் 2.5 மில்லிமீட்டர் பிசகும்; பத்து கைநழுவும் எல்லை அதுதான். 10.9 வேண்டுமானால் பிசகு சுமார் 20 மைக்ரானுக்குள் அடங்க வேண்டும். லேத்தில் 20 மைக்ரான் பிடிப்பதற்கு இரும்பு அடித்தளமும் பேரிங்கும் இருக்கின்றன. இங்கே அடித்தளம் இரண்டு கால்கள், பேரிங் முதுகெலும்பு, நடுவே ஒரு யந்திரம் நிமிஷத்துக்கு எழுபது தடவை துடித்துக்கொண்டும் இருக்கிறது.

இந்தத் துடிப்பையும் ஆட்டத்தையும் பலத்தால் அடக்க முயல்கிறவர் தோற்பார். தசைக்குச் சோர்வு உண்டு, எலும்புக்கு இல்லை. ஆகையால் இலக்குக்குப் பக்கவாட்டில் நின்று, இடது முழங்கையை இடுப்பெலும்பின்மேல் ஊன்றி, துப்பாக்கியின் பாரத்தை எலும்பின் வழியே தரைக்கு இறக்கிவிட வேண்டும். பிறகு கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பார்க்க வேண்டும். குழல் இலக்கைவிட்டு விலகியிருக்குமாயின் கையால் இழுத்து நேராக்காமல் பாதங்களை நகர்த்தி நேராக்க வேண்டும்; கையால் இழுத்தது விசையைத் தொடும் வேளையில் பழைய இடத்துக்கே ஓடிவிடும். சுவாசத்தைப் பாதி வெளிவிட்டு நிறுத்திய சில விநாடிகளே சுடுவதற்குரிய வேளை. எட்டுப் பத்து விநாடிக்குள் விசை விடுபடவில்லையானால் துப்பாக்கியை இறக்கிவிடுவதே விவேகம். மூச்சு முட்டிய கண்ணுக்குக் குறி தெளிவாக இராது. விசையையோ, இப்போது விடப்போகிறது என்று நாமே எதிர்பார்க்காத வண்ணம் படிப்படியாக அழுத்த வேண்டும். சுட்ட பின்னும் ஓரிரு விநாடி அப்படியே நிற்க வேண்டும். ரவை பத்து மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் பதினேழில் ஒரு பங்கு ஆகிறது. நம் கண்ணோ அதற்கு முன்பே பலனைப் பார்க்கத் துள்ளுகிறது. இந்தத் துள்ளலை வெல்வதுதான் முதல் ஆறு மாத அப்பியாசத்தின் சாரம். பிஸ்டலில் இது இன்னும் கடினம். ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படாத கருவியை ஒரே கையால் நீட்டிப் பிடித்து, இலக்கு மங்கித் தெரியும்படி விட்டு, பார்வையை முன்குறியில் நிறுத்த வேண்டும். இலக்கைப் பார்க்காதே என்று ஆசிரியர் சொல்லும்போது புதியவர் திகைப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

பாதுகாப்பு விதிகள் சிலவே. அவற்றுக்கு விலக்கே இல்லை. எந்தத் துப்பாக்கியையும் ரவை ஏற்றியதாகவே பாவிக்க வேண்டும். குழல்வாய் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். சுடத் தீர்மானிக்கும் வரையில் விரல் விசைக்கு வெளியே. ஏழரை ஜூல் ஒரு கண்ணைப் பறிக்கத் தாராளமாய்ப் போதும் என்பதை மறந்து, மொட்டை மாடியில் தகர டப்பாவை நிறுத்திச் சுடுகிறவர்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். .22 தோட்டாவோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போகும். பனந்தோப்பும் வறண்ட ஏரியும் அதற்குத் தளமாகா.

வெடிமருந்துத் துப்பாக்கியில் ஆசை உள்ளவர்கள் காற்றுத் துப்பாக்கியில் ஓராண்டாவது கழித்துவிட்டு, சங்கத்தின் மூலமாக .22 ரைபிளுக்கோ, பறக்கும் தட்டைச் சுடும் டிராப் பந்தயத்துக்கோ செல்லலாம். 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள களிமண் தட்டு எந்தத் திசையில் பாயும் என்று தெரியாமல் நின்று, குரல் கொடுத்தவுடன் அதைத் தொடர்ந்து சுட்டு நொறுக்குவது டிராப். இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் ஒருவர். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். வேட்டைக்காக அரண்மனைகளில் வளர்ந்த கைப்பழக்கம் இவ்வாறு களிமண் தட்டின்மேல் திரும்பியது நல்ல திருப்பம். செலவு மாத்திரம் அரண்மனைக்கு உரியதாகவே இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் தோட்டாவுக்கும் காசு.

சாமானியருக்கு வழி, ரைபிள் கிளப்புதான். சென்னை, கோவை, மதுரை, திருச்சி முதலிய நகரங்களில் இத்தகைய சங்கங்கள் இருக்கின்றன. காவல்துறை உயரதிகாரிகள் தலைமை வகிப்பது அவற்றின் சம்பிரதாயம். நடிகர் அஜித்குமார் திருச்சியில் 2022-ல் நடந்த மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வென்ற பிறகு சங்க வாசல்களில் இளைஞர் கூட்டம் கூடியதாகச் சொல்கிறார்கள். சினிமாவால் விளைந்த நன்மைகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். சங்கத்தில் சேர்ந்து, அங்குள்ள துப்பாக்கிகளில் பலவற்றைத் தொட்டுச் சுட்டுப் பார்த்த பின்பே சொந்தத் துப்பாக்கி வாங்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். என் காக்களூர் நண்பருக்கும் அதையே சொன்னேன். அவர் சென்னைக்குப் போய்ச் சங்கத் துப்பாக்கியில் சுடத் தொடங்கியிருக்கிறார். சொந்தத் துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. “ஷிஃப்டு முடிந்து சென்னைக்குப் போய்வரப் பொழுது போதவில்லை சார்” என்பதே அவருடைய ஒரே குறை.

அந்தக் குறைக்குப் பரிகாரம் காக்களூரிலேயே இருக்கிறது. பத்து மீட்டர் தளத்துக்கு மைதானம் வேண்டாம். பதினைந்து மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உள்ள ஒரு மூடிய கொட்டகை ஐந்து பேர் வரிசையாக நின்று சுடப் போதுமானது. இலக்கின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் அமைய வேண்டும். இலக்கின்மேல் 1,500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். ரவையைத் தாங்கச் சாய்வான எஃகுத் தகடும், அட்டையைப் போகவிட்டு இழுக்கக் கம்பியும் உருளையும் வேண்டும். இவற்றுள் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் செய்ய இயலாதது எதுவும் இல்லை. சுடும் பக்கத்துச் சுவரில் கதவோ ஜன்னலோ இல்லாதபடி பார்த்துக்கொண்டு, காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, மாநிலச் சங்கத்தின் பயிற்சியாளர் ஒருவரை வாரம் இருமுறை வரவழைத்தால் வேலை தொடங்கிவிடும். காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் காலியாகக் கிடக்கும் ஷெட்டுகளை வைத்திருக்கும் முதலாளிமார்கள், ஆயுத பூஜைக்கு ஆகிற செலவில் ஒரு பங்கையாவது இதற்கு ஒதுக்கி, தங்கள் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஒரு தளம் அமைத்துத் தர முன்வரலாகாதா?